தேசிய சுவடிக்கூடம், கொழும்பு 7: ரீடிங் ரூமுக்கு நாலு ஸ்டார், பெரியவரின்ரை வேலைக்கு மூண்டரை

யாழ்ப்பாணத்திலையிருந்து ஆர்க்கைவ்ஸுக்கு, அதான் தேசிய சுவடிக்கூடத்துக்குப் போற ஆக்களுக்கு உதவும் எண்டுதான் இதை எழுதுறன். மூண்டரைக்கு விளக்கம் வேணுமெண்டால் கொஞ்சம் பொறுமையா வாசிக்கோணும், ஏனெண்டால் நான் மார்க்ஸ் போடுறது கட்டிடத்துக்கோ ஏசிக்கோ இல்லை, அந்தத் திணைக்களத்தின்ரை தலைவர், அதான் பணிப்பாளர் நாயகம் எண்டு சொல்லுறவர், சட்டப்படி சனத்துக்கு என்ன செய்யவேணும், அதிலை எங்கடை பக்கத்துக்கு என்ன வந்து சேருது எண்டதுக்குத்தான்.

முதல்லை ஒரு விசயம். பிறப்புப் பத்திரம், கலியாணப் பதிவு, காணி உறுதி தேடுறவை அங்கை போகத் தேவையில்லை. அது பதிவாளர் நாயகத்தின்ரை வேலை, காணியெண்டால் இஞ்சையே காணிப் பதிவகம் இருக்கு. லண்டனிலையிருந்து வந்த சொந்தக்காரர் ஒராள் பூட்டன்ரை பிறப்புப் பதிவைத் தேடிக்கொண்டு ஆர்க்கைவ்ஸுக்குப் போகப் போறன் எண்டு நிண்டார், நான்தான் மறிச்சன். ஆர்க்கைவ்ஸிலை இருக்கிறது அரசாங்கம் தன்ரை வேலைக்கெண்டு எழுதி வைச்ச கடதாசி, கசற் எண்ட அரசாங்க வர்த்தமானி, நிர்வாக அறிக்கை, ஏஜென்ட்மார் எண்ட வெள்ளைக்காரன் காலத்து அரசாங்க அதிபர்மாரின்ரை டயறி, ஒல்லாந்தர் காலத்துப் புத்தகங்கள், பிறகு பழைய பேப்பர்.

நான் போன காரணம் எங்கடை பள்ளிக்கூடத்தின்ரை 125ஆவது ஆண்டு மலர். மலர்க்குழு எண்டால் தெரியுந்தானே, ஆசிச்செய்தி சேர்க்க பத்துப்பேர் நிப்பினம், வரலாறு எழுத ஒருத்தரும் இல்லை, கடைசியிலை அது என்ரை தலையிலை. பள்ளிக்கூடத்திலை இருந்த பழைய லொக் புக், அதான் அதிபர் நடப்புகளை எழுதி வைக்கிற கொப்பி, இடம்பெயர்வோடை போட்டுது. ஸ்தாபகர் திண்ணையிலை தொடங்கினார், பேந்து அரசாங்க நன்கொடை கிடைச்சது, 1923இலை தொடங்கின சைவ வித்தியா விருத்திச் சங்கம் பிறகு எடுத்து நடத்தினது, 1960ஆம் ஆண்டுச் சட்டத்தோடை அரசாங்கம் எடுத்தது, இவ்வளவுதான் வாய்வழியா இருந்தது. எந்த வருசம் நன்கொடை கிடைச்சது எண்டதிலை ரெண்டு கட்சி. ஒரு கட்சிக்கு ஓய்வுபெற்ற அதிபர் தலைவர், மற்றதுக்கு அவற்றை மச்சான்.

இடத்தைக் கண்டுபிடிக்கிறது சுகம். பிலிப் குணவர்த்தன மாவத்தை, முந்தி ரீட் அவனியூ, கொழும்பு கம்பஸுக்குக் கிட்ட. இரவு ரெயினிலை போய் இறங்கி, கோட்டையிலை ஒரு ரீ குடிச்சிட்டு, கம்பஸ் பக்கம் போற பஸ்ஸிலை ஏறினால் சரி. வார நாளிலை போங்கோ, போயா நாளை, அதான் பௌர்ணமி லீவை, கலண்டரிலை பாத்திட்டுப் போங்கோ, எங்கடை ஆக்கள் போயாவை மறந்துபோய் கேற்றைப் பாத்திட்டுத் திரும்பி வாறது வழமை. அடையாள அட்டை கட்டாயம். என்னத்துக்குத் தேடுறியள் எண்டு பாடசாலையோ சங்கமோ குடுத்த கடிதம் ஒண்டு கையிலை இருந்தால் கதை லேசு. பாக்கை வெளியிலை வைக்கோணும், உள்ளை பேனை கூடாது, பென்சில்தான். ஏன் எண்டு கேட்டு நிக்காதேங்கோ, நூறு வருசப் பேப்பரிலை ஒரு சொட்டு மை விழுந்தால் அதை எடுக்க ஏலாது.

நீங்கள் அலுமாரிக்குக் கிட்டப் போய் எடுக்க ஏலாது, இது லைபிரரி இல்லை. என்ன வேணுமெண்டு பட்டியலைப் பாத்து துண்டு எழுதிக் குடுக்கோணும், அவை கொண்டுவந்து தருவினம். அதாலை வீட்டிலையே ஹோம்வேர்க் செய்துகொண்டு போகவேணும். என்ன வருசம், என்ன திணைக்களம், ஆர் எழுதினது எண்டு தெரிஞ்சால் அரைவாசி வேலை முடிஞ்சுது, "எங்கடை ஊரைப் பற்றி என்ன இருக்கு" எண்டு கேட்டால் அங்கை இருக்கிற ஆக்களும் மனுசர்தானே, அவை என்ன செய்யிறது. எனக்குச் சிங்களம் அரைகுறை, இங்கிலீசாலை சமாளிச்சன், வெள்ளைக்காரன் காலத்துப் பதிவெல்லாம் இங்கிலீசிலைதான் எண்டபடியாலை அது பெரிய கரைச்சலா இருக்கேல்லை.

நான் கேட்டது பொதுப் போதனைப் பணிப்பாளரின்ரை, அதான் அந்தக் காலத்துக் கல்வித் திணைக்களத் தலைவரின்ரை, வருடாந்த அறிக்கையள். தடிச்ச புத்தகம், ஓரம் எல்லாம் பிஸ்கட் நிறம், தாளைத் திருப்பேக்கை முறிஞ்சுபோமோ எண்டு பயம், அதாலை விரலை அடியிலை குடுத்து முழுத்தாளையும் தூக்கித்தான் திருப்பவேணும். உள்ளை நீட்டு நீட்டா அட்டவணை. பள்ளிக்கூடத்தின்ரை பேர், முகாமையாளர் பேர், இடாப்பிலை எத்தினை பொடியள், வரவு எவ்வளவு, நன்கொடை எத்தினை ரூபா எத்தினை சதம். சதம் கூட விடேல்லை பாருங்கோ. ஊர்ப் பேர் எல்லாம் வெள்ளைக்காரன் காதிலை விழுந்தபடி, ஒரே ஊர் ரெண்டு பக்கத்திலை ரெண்டு விதமா, எங்கடை ஊரை நான் தாண்டிப் போய்த் திரும்பி வந்துதான் பிடிச்சன். முகாமையாளர் பேரைக் கண்டோடனை தெரிஞ்சிட்டுது. ரெண்டு கட்சியும் சொன்ன வருசம் பிழை! மச்சானின்ரை கட்சி கொஞ்சம் கிட்ட நிண்டது, அவ்வளவுதான். இப்ப ரெண்டு பேரும் என்னோடைதான் கோவம்.

ரீடிங் ரூமுக்கு எண்டு தனியா மார்க்ஸ் கேட்டால் தயங்காமல் நாலு. அமைதி, வெளிச்சம், கேட்டது வந்தது. ஒண்டைக் குறைச்சது ஏனெண்டால் இவ்வளவு தூரம் போய்ப் பாக்கிற அறிக்கையள் எல்லாம் அச்சிலை வந்த சாமான்தானே, ஸ்கான் பண்ணி நெட்டிலை விட்டால் பருத்தித்துறையிலை இருந்து ஒரு ரீச்சர் போனிலையே பாப்பா.

இனி பெரியவரின்ரை வேலைக்கு வாறன். கனபேர் நினைக்கிறது அவர் பழைய புத்தகத்துக்குத் தூசி தட்டுற ஓபிசுக்குப் பெரியவர் எண்டு. 1973ஆம் ஆண்டு 48ஆம் இலக்க தேசிய சுவடிகள் சட்டத்தைப் பாத்தால் கதை வேறை. அரசாங்க ஓபிஸ் ஒண்டு தன்ரை பழைய பைலை தான் நினைச்சபடி எரிக்கவோ கிலோக் கணக்கிலை விக்கவோ ஏலாது, சுவடிக்கூடத்தின்ரை அனுமதி வேணும். எதை வைச்சிருக்கிறது, எதைக் கழிக்கிறது, எது கொழும்புக்கு வரவேணும், இதெல்லாம் அவற்றை பொறுப்பு. ஓபிஸ் ஓபிசாப் போய் பதிவுகள் எப்பிடி இருக்கெண்டு பாக்கிறதும் அதுக்குள்ளைதான். அதோடை நாட்டிலை அச்சடிக்கிற புத்தகம், பேப்பர் எல்லாத்தையும் பதியிறதும் இந்தத் திணைக்களம்தான். பேப்பருக்கான சட்டம் 1839ஆம் ஆண்டுக்குரியது, புத்தகத்துக்கு 1885இலை வந்த அச்சகத்தார் வெளியீட்டாளர் கட்டளைச் சட்டம். யாழ்ப்பாணத்திலை ஒரு பிரெஸ்ஸிலை கவிதைப் புத்தகம் அடிச்சாலும் அங்கை பிரதி போகவேணும். எங்கடை பொடியள் உதிலை ஒழுங்கில்லை, வெளியீட்டு விழாவிலை பொன்னாடை போர்த்த மறக்க மாட்டினம், பிரதி அனுப்ப மறந்து போவினம்.

இன்னொண்டு, கோட்டுக்குத் தேவையான பழைய கசற், பழைய பேப்பர் செய்தி எல்லாத்துக்கும் உறுதிப்படுத்தின பிரதி அங்கையிருந்துதான் எடுக்கிறது. காணிச் சுவீகரிப்பு வழக்கு இருக்கிற ஆக்களுக்கு அந்த ஒரு சீல் எவ்வளவு பெறுமதி எண்டு எங்கடை பக்கத்திலை சொல்லித் தரத் தேவையில்லை.

இந்தப் பதவிக்கு முதல்லை வந்தவர் ஆர். ஜி. அந்தோனிஸ், 1902இலை. பறங்கியர், ஒல்லாந்த மொழி வாசிப்பார், அதுதான் அப்ப பெரிய தகுதி, ஏனெண்டால் வெள்ளைக்காரனிட்டை ஒல்லாந்தர் விட்டிட்டுப் போன புத்தகம் மலைமலையா கிடந்தும் வாசிக்க ஆளில்லை. இண்டைக்கும் கூடத்தின்ரை பெரிய சொத்து அதுதான், ஏழாயிரம் அளவிலை கட்டுகள், 1640இலை இருந்து 1796 வரை. 2003இலை யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிலை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிச் சுவடிகளைச் சேர்த்தது, நெதர்லாந்து, இந்தியா, இந்தோனேசியா, தென்னாபிரிக்காவோடை எங்கடை நாட்டிலை இருக்கிறதும் சேர்த்திதான். அந்தக் காலத்து மையிலை இரும்பு கலந்திருக்கு, அது காலம் போகப் போக தாளை அரிச்சுக்கொண்டு போகும், எழுத்து இருந்த இடத்திலை எழுத்தின்ரை வடிவிலை ஓட்டை வரும். அதைப் பிடிச்சு நிப்பாட்டுறதும் பெரியவரின்ரை கணக்கிலைதான், காசு கேட்டு அமைச்சுக்கு எழுதுறதும் அவர்தான், ஆட்சி மாறேக்கை எந்த அமைச்சு எண்டு பாத்துப் பாத்து எழுதவேண்டியதும் அவர்தான் பாவம். 1942இலை யப்பான்காரன் கொழும்பிலை குண்டு போட்ட நேரம் சுவடி எல்லாத்தையும் நுவரெலியாவுக்கு ஏத்தினவை. லொறியிலை நாட்டின்ரை முந்நூறு வருசம் மலையேறிப் போயிருக்கு, அதைச் செய்யத் துணிஞ்ச ஆக்களுக்கு நான் அஞ்சு ஸ்டாரும் குடுப்பன்.

எங்களுக்கும் அந்த ஒல்லாந்தப் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேக்கிறவைக்கு: உங்கடை வீட்டிலை காணி விக்கிறதெண்டால் முதல்லை பங்காளியைக் கேக்கோணும் எண்டு ப்ரொக்ரர், அதான் சட்டத்தரணி, சொல்லுறாரே, அந்தத் தேசவழமை எண்ட யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்தை எழுத்திலை கொண்டுவந்தது ஒல்லாந்தர்தான். யாழ்ப்பாணத்துத் திசாவையா, அதான் ஒல்லாந்த அதிகாரியா, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து எழுதி 1707இலை குடுத்ததை பன்னிரண்டு முதலிமார், அதான் ஊர்ப் பெரிய மனுசர், பாத்துச் சரி எண்டு சொன்னவை, வெள்ளைக்காரன் 1806இலை அதைச் சட்டமாக்கினான். மற்றது சுவார்டகுரோன் எண்ட கொம்மாந்தர், அதான் யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தலைவர், 1697இலை யாழ்ப்பாணத்தை நடத்துறவைக்கெண்டு ஒரு நீண்ட குறிப்பு எழுதி வைச்சவர், சாயவேர், யானை வியாபாரம், கோயில் பள்ளிக்கூடம், வரி எல்லாம் அதிலை இருக்கு. அதை சோபியா பீட்டர்ஸ் எண்ட அம்மா இங்கிலீசிலை ஆக்கி 1911இலை கொழும்பிலை அச்சிலை வந்தது. குட்டன்பேர்க் எண்ட இலவசப் புத்தக இணையத்தளத்திலை சும்மா கிடக்கு, காசில்லை, ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. எங்கடை ஆக்களைப் பற்றி ஒல்லாந்தன் குறைசொல்லுற இடங்கள் வாசிக்கச் சிரிப்பா இருக்கும், சில இடம் இண்டைக்கும் பொருந்துது எண்டு நான் சொன்னால் அடிக்க வருவியள்.

அமெரிக்காவிலை இந்தப் பதவி இன்னும் சூடானது. அங்கை 1934இலை தொடங்கின நஷனல் ஆர்க்கைவ்ஸின்ரை தலைவரை ஜனாதிபதி நியமிப்பார், செனட் ஒத்துக்கொள்ளோணும். ஜனாதிபதித் தேர்தலிலை தேர்வாளர்கள் போட்ட வாக்குச் சான்றிதழ்கள் அவற்றை கையுக்குத்தான் வரும், அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறினது எண்டு உறுதிப்படுத்துறதும் அவர்தான். ஜனாதிபதி வீட்டுக்குப் போகேக்கை கடதாசியைக் கொண்டு போனால் திருப்பித் தா எண்டு கேக்கிறதும் அவையின்ரை வேலை, 2022 ஜனவரியிலை ட்ரம்பின்ரை புளோரிடா வீட்டிலையிருந்து 15 பெட்டி எடுத்தவை. பேந்து அவர் திரும்பி வந்து 2025 பெப்ரவரியிலை ஆர்க்கைவிஸ்ட் கொலீன் ஷோகனைப் பதவியாலை தூக்கினார், அந்தப் பதவிக்கு நியமனமான முதல் பெண் அவதான். பெட்டி எடுத்த நேரம் அவ பதவியிலையே இல்லை. கடதாசி காக்கிறவை ஆருக்கும் தொந்தரவில்லாத ஆக்கள் எண்டு நினைக்கிறவை இதையும் யோசிக்கோணும்.

சரி, அப்ப ஏன் எங்கடை பெரியவருக்கு மூண்டரை? இதுக்குத்தான் இவ்வளவு நேரம் சுத்தி வந்தனான்.

மலருக்கெண்டு கொழும்புக்குப் போக முதல் இஞ்சை குடாநாட்டிலை ஒரு அரசாங்க ஓபிசுக்குப் போனன், பேர் வேண்டாம். எங்கடை பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்த நேரத்துப் பைல் அங்கை இருக்கோணும் எண்டு ஒராள் சொன்னவர். பின்பக்க அறையைத் திறந்து காட்டிச்சினம். கூரைத் தகரத்தாலை மழை ஒழுகின கறை சுவரிலை வரி வரியா, உடைஞ்ச கதிரை, தேர்தல் பெட்டி, அதுக்குப் பின்னாலை நாடா கட்டின பைல் கட்டுகள் நிலத்திலை. மேலை கிடந்த கட்டைத் தொட்டால் கீழ்ப்பக்கம் கறையான் தின்று மண்ணாக் கொட்டுது. கிளார்க் தம்பி நல்ல பொடியன், அவனிலை பிழை இல்லை.

"அண்ணை, இதிலும் பழசெல்லாம் அப்பவே கழிச்சுப் போட்டினமாம்."

"ஆர் தம்பி கழிக்கச் சொன்னது?"

"தெரியேல்லை. இடமில்லைத்தானே."

"ஆர்க்கைவ்ஸிலை கேட்டிட்டோ?"

பொடியன் என்னைப் பாத்த பார்வை, நான் ஏதோ வெளிநாட்டுத் தூதரகத்தைக் கேட்ட மாதிரி.

இதுதான் கதை. கொழும்பிலை குளிர்சாதனத்துக்குள்ளை இருக்கிற ஏழாயிரம் கட்டுக்கு ஒண்டும் நடக்காது, அதுக்கு ஆள் இருக்கு, உலகம் பாத்துக்கொண்டு நிக்குது. ஆனால் இண்டைக்கு கறையான் தின்னுற பைல் 1958ஆம் ஆண்டு, 1965ஆம் ஆண்டு, 1977ஆம் ஆண்டுப் பைல், அதுதான் இன்னும் அம்பது வருசத்திலை ஒருத்தன் மலருக்குத் தேடப்போறது. அதைக் கழிக்க அனுமதி வேணுமெண்ட சட்டம் 1973இலையிருந்து இருக்கு. 2016ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டமும் புதுசா உண்டாக்கிற பதிவை குறைஞ்சது 12 வருசம் வைச்சிருக்கச் சொல்லுது. சட்டம் ரெண்டு இருந்தும் பின் அறைத் திறப்பு வைச்சிருக்கிற பொடியனுக்கு அது தெரியாது எண்டால், அதைச் சொல்லிக் குடுக்கிறது ஆற்றை பொறுப்பு? பெரியவருக்கு நான் மார்க்ஸ் போடுறது அந்த அறையை வைச்சுத்தான்.

எங்கடை பக்கத்திலை இதின்ரை அருமை கூட விளங்கவேணும். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சது, 97,000 அளவிலை புத்தகமும் ஏடும் போச்சு. ஈழநாடு பேப்பர் ஓபிசையும் அதே நாட்களிலை எரிச்சவை. பழைய பூங்காவிலை இருந்த வெள்ளைக்காரன் காலத்துக் கச்சேரி, அதான் அரசாங்க அதிபரின்ரை ஓபிஸ், சண்டைக்குள்ளை சிதைஞ்சு இண்டைக்கும் சுவர் மட்டும் நிக்குது, ஏஜென்ட் டைக் ஆண்ட இடம். அப்பிடி எல்லாம் போன ஊருக்கு, வேறை ஊரிலை ஒரு பிரதி இருக்குது எண்டது எவ்வளவு பெரிய காப்பு. 1841இலை தொடங்கின உதயதாரகை, 1889இலை வந்த இந்து சாதனம் போல பழைய பேப்பர் எல்லாம் தேடுறவை ஒரு இடத்தை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. நூலகம் எண்ட தமிழ் மின்னூலக இணையத்தளத்துப் பிள்ளையள் 2005இலையிருந்து ஸ்கான் பண்ணிப் போட்டு வருகினம், அரசாங்கச் சம்பளமில்லாமல் அவை செய்யிற வேலையைப் பாத்தால் அந்த அரை ஸ்டாரை எடுத்து அவைக்குக் குடுக்கலாம் எண்டு வருது. குடுத்திட்டன் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

கொழும்புக்கு வெளியிலை கண்டியிலை சுவடிக்கூடத்துக்கு ஒரு கிளை இருக்கு. வடக்கிலையும் வைச்சால் கொழும்புச் சாமானைப் பிரிச்சு இஞ்சை கொண்டுவா எண்டு நான் கேக்க மாட்டன், அது அங்கையே பத்திரமா இருக்கட்டும். இஞ்சை இருக்கிறதை இஞ்சையே ஒரு உலர்ந்த அறையிலை வைச்சு, பட்டியல் போட்டு, தமிழிலை கேட்டால் தமிழிலை பதில் சொல்லக்கூடிய ரெண்டு ஆளைப் போட்டால் போதும். அதுக்கு முதல் வருசத்திலை ஒருக்கா எண்டாலும் பிரதேச செயலகம், கல்வி வலயம், பிரதேச சபை எல்லாத்திலும் இருக்கிற பதிவறைப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு ஒரு நாள் வகுப்பு. மத்தியானச் சாப்பாடு நாங்கள் பாப்பம், மலர்க்குழுவிலை காசு மிச்சம் இருக்கு.

போறவைக்குக் கடைசியா: பென்சில் ரெண்டு கொண்டு போங்கோ, ஷார்ப்னர் ஒண்டும். படம் எடுக்கலாமோ எண்டு முதல்லை கேட்டிட்டு எடுங்கோ, அந்த நேரத்து விதி என்ன, கட்டணம் என்ன எண்டு போக முதல் போன் எடுத்து விசாரியுங்கோ. ஊர்ப் பேரை இங்கிலீசிலை எத்தினை விதமா எழுதலாமோ அத்தினையும் ஒரு துண்டிலை எழுதிக்கொண்டு போங்கோ, சுன்னாகம், கோப்பாய் ஆக்களுக்குப் பிரச்சினையில்லை, எழுதுமட்டுவாள் ஆக்கள் ஒரு கொப்பி கொண்டு போறது நல்லம். சாப்பாடு கம்பஸ் பக்கத்துக் கடையளிலை எடுக்கலாம், புட்டு எதிர்பாக்காதேங்கோ. மலர் வேணுமெண்ட ஆக்கள் பள்ளிக்கூட ஓபிசிலை கேளுங்கோ, நன்கொடை வருசம் 14ஆம் பக்கத்திலை, அட்டவணையின்ரை படத்தோடை போட்டிருக்கு, ரெண்டு கட்சிக்காரரும் வந்து பாக்கலாம்.